நெய் நீங்கிய கூந்தல்: தமிழர் தலைமுழுக்கின் வரலாறும் ‘வறண்ட கூந்தல்’ என்னும் கருத்தின் தோற்றமும்

வையாவிக் கோப்பெரும் பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தவன் என்ற அளவில் எல்லோரும் அறிந்த வள்ளல். அவன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியிடம் தங்கியிருந்தபோது அவனை இடித்துரைத்துப் புலவர் நால்வர் பாடிய பாடல்கள் புறநானூற்றில் 143 முதல் 147 வரை அமைந்துள்ளன. கபிலரும் பரணரும் அவளுடைய கண்ணீரைப் பாடினர். அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் அவளுடைய கூந்தலைப் பாடினர். பொன்னும் பொருளும் வேண்டாம் என்று மறுத்த அரிசில்கிழார், மயிலின் தோகை போன்ற அவள் கூந்தல் மீண்டும் நறும்புகை பெற்று மாலை சூடும்படி தேரைப் பூட்டுமாறு வேண்டுகிறார். பெருங்குன்றூர்கிழார் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். எண்ணெய் காணாமல் கிடக்கும் அக்கரிய கூந்தல், கழுவிய மணிபோல் மாசு நீங்கப் பெற்றுப் புதுமலர் நிறைய வேண்டும். அதற்காக இன்றே புறப்படு. அதுவே தாம் கேட்கும் பரிசில் என்கிறார்.

இப்பாடல்களைக் கற்பு, பரத்தைமை, புலவர் பெருமை என்னும் தலைப்புகளின் கீழ்ப் படித்தவர்கள் பலர். கூந்தலைப் பற்றிய செய்தியாகப் படித்தவர்கள் மிகக் குறைவு. அவ்வாறு படிக்கும்போது ஒன்று புலப்படுகிறது. கண்ணகியின் கூந்தல் வறண்டிருப்பதற்குப் புலவர்கள் கூறும் காரணம் வெயிலும் அன்று, நீரும் அன்று, வயதும் அன்று. எண்ணெய் அவள் வீட்டில் இல்லாமலும் இல்லை. அரசன் மனைவிக்கு எண்ணெய்க்குப் பஞ்சமிருக்க வழியில்லை. உறவு முறிந்தது, அதனால் கூந்தல் வறண்டது. மருந்தும் எண்ணெய்க் குடத்தில் இல்லை, கணவனின் தேரில் இருக்கிறது. இன்று ‘வறண்ட கூந்தல்’ என்பது மயிரிழையின் தன்மை. கடையில் அதற்கெனத் தனிப் புட்டி உண்டு. பழந்தமிழில் அது ஒருத்தியின் நிலைமை. இவ்விரண்டிற்கும் இடையே நிகழ்ந்த மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

எருமண்ணும் துவரும்

எண்ணெய் பூசுவது மட்டுமே பழந்தமிழர் கூந்தல் பேணும் முறை என்று கொள்வது தவறு. பூசுவதும் நீக்குவதும் ஒரே செயலின் இரு பாதிகள். நீக்கும் பாதிக்கு மிகப் பழைய சான்று குறுந்தொகை 113ஆம் பாடலில் உள்ளது. தலைவனுக்குப் பகற்குறி இடம் உணர்த்தும் தோழி, ஊருக்கு அண்மையில் பொய்கை, பொய்கைக்கு அண்மையில் காட்டாறு, அதனருகே கொக்கன்றி வேறெதுவும் வாராத பொழில் என அடையாளம் சொல்கிறாள். அங்குத் தாங்கள் போவதற்குக் காரணம், கூந்தலுக்கு எருமண் எடுத்து வருவது. காதலர் சந்திப்புக்கு ஒரு சாக்கு வேண்டும். அச்சாக்கு ஊரார் ஐயுறாத அன்றாட வேலையாக இருக்க வேண்டும். கூந்தலுக்கு மண் எடுக்கச் செல்வது அத்துணை இயல்பான வேலையாக இருந்தது என்பதே வரலாற்றாசிரியனுக்கு இப்பாடல் தரும் செய்தி. மென்மையான களிமண் நெய்ப்பசையை உறிஞ்சி நீரோடு வெளியேறும். கழுவுதல் என்னும் பொருளில் வழங்கும் ‘மண்ணுதல்’ என்ற வினை பெருங்குன்றூர்கிழார் பாடலிலும் வருகிறது.

சிலப்பதிகாரத்தில் இவ்விரு பாதிகளும் இரு பெண்களிடையே பிரிந்து நிற்கின்றன. அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில் கோவலனைப் பிரிந்த கண்ணகியின் கூந்தல் எண்ணெய் அணிவதை மறந்திருக்கிறது. இரண்டு காதைகள் தள்ளிக் கடலாடு காதையில் மாதவியின் தலைமுழுக்கு விரிவாக வருணிக்கப்படுகிறது: பத்து வகைத் துவரும், ஐந்து வகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரில், வாசநெய் பூசிய கூந்தலைக் கழுவி, புகையில் உலர்த்தி, பகுதி பகுதியாகப் பிரித்துக் கத்தூரிக் குழம்பு ஊட்டுகிறார்கள். நூலின் காலம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இந்நீராட்டின் அறிவு கற்பனையன்று. துவர் என்பது துவர்ப்புச் சுவையுள்ள பட்டை, காய், தளிர் ஆகியவற்றின் தொகுதி. திரிபலை எனப்படும் கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் ஆகிய மூன்றும், நாவலும், ஆல், அரசு, அத்தி, இத்தி என்னும் பால்மரங்களும் அதில் அடங்கும். துவர்ப்புப் பொருள்களில் தானின் மிகுதி. அவற்றின் ஊறல் நீர் சற்றே அமிலத்தன்மை உடையது. மயிரிழையின் மேற்புறம் ஓட்டுக்கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த நுண்செதில்களால் ஆனது. காரநீரில் இச்செதில்கள் விரிந்து நிற்கும். மென்மையான அமில நீரில் படிந்து கிடக்கும். படிந்த செதில் ஒளியை ஒருசேரத் திருப்பும். விரிந்த செதில் ஒன்றோடொன்று சிக்கும். மாதவிக்கு நீராட்டியவர்களுக்கு இவ்வேதியியல் தெரிந்திருக்கத் தேவையில்லை. விளைவு தெரிந்திருந்தது.

ஒன்றை மறைக்கலாகாது. அந்நீராட்டைச் செய்தவை பணிமகளிர் கைகள். பிறர் கை தலையில் படுவது அன்பின் அடையாளம் என்று மட்டும் எழுதினால் அது பாதி வரலாறு.

அரைப்பு, சீயக்காய், வடிகஞ்சி

எள்ளின் நெய்யே எண்ணெய். பின்னர் எல்லா வகைக்கும் பொதுப்பெயராகிவிட்ட இச்சொல், தமிழ்நாட்டின் உள்நாட்டுப் பகுதிகளில் முதல் எண்ணெய் எது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. தலைமுழுக்குக்கு இன்றும் நல்லெண்ணெயையே பலர் நாடுகின்றனர். தேங்காயெண்ணெய் தென்னை செழித்த கரையோரங்களிலும் மலையாளக் கரையிலும் யாழ்ப்பாணத்திலும் அன்றாடத் தலைப்பூச்சாக நிலைத்தது. சித்த மருத்துவத்தில் எண்ணெய் முழுக்கு உடற்சூட்டைத் தணிக்கும் நாளொழுக்கமாகக் கருதப்பட்டது. எண்ணெய் தேய்த்தால் வெந்நீரில் குளிக்க வேண்டும் என்று தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகாவிதி சொல்கிறது. குளிர்ந்த நீரில் எண்ணெய் இளகிப் பிரியாது என்பது அடுப்படி அறிந்த உண்மைதான். ஆத்திசூடியில் சனியையும் நீராட்டையும் இணைக்கும் அறிவுரையைச் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு என்று பெரும்பாலோர் கொள்வர். சனி என்பதற்குக் குளிர்ச்சி எனப் பொருள் கூறுவாரும் உளர். எவ்வாறாயினும் ஆடவருக்குப் புதனும் சனியும், பெண்டிருக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்ற வழக்கு வீடுகளில் வேரூன்றிவிட்டது.

எண்ணெயை நீக்கப் பயன்பட்டவை இடத்துக்கு இடம் வேறுபட்டன. கொங்குப் பகுதியிலும் பிற வறள் நிலங்களிலும் உசிலை மரத்தின் இலையை உலர்த்திப் பொடித்த அரப்பு. பல இடங்களில் சீயக்காய். சில வீடுகளில் பாசிப்பயற்று மாவு, வெந்தயம், செம்பருத்தி இலை. சீயக்காயில் உள்ள சபோனின் நுரைக்கும், அழுக்கை இளக்கும்; ஆனால் எண்ணெயை முழுமையாகத் துடைத்தெடுக்காது. அதுவே அதன் குறை, அதுவே அதன் நிறை. இழையைச் சுற்றி மெல்லிய எண்ணெய்ப் படலம் எஞ்சும். பல வீடுகளில் சீயக்காய்த் தூளை வெறும் நீரில் கரைப்பதில்லை. சோறு வடித்த கஞ்சியில் கரைப்பர். கஞ்சியின் மாப்பசை இழைமேல் படிந்து சிக்கு எடுப்பதை எளிதாக்கும். கண்ணில் பட்டால் எரியும் என்பதால் குழந்தைகள் இம்முழுக்குக்கு அஞ்சி ஓடியதும் இவ்வரலாற்றின் பகுதியே.

எண்ணெய் மறுக்கப்பட்ட தலைகள்

இம்மரபைப் பெருமையோடு மட்டும் பேசும் கட்டுரைகள் ஒரு கூட்டத்தாரை விட்டுவிடுகின்றன. கூந்தலில் எண்ணெய் வைப்பது மங்கலம் என்றால், மங்கலம் இழந்தவளாகக் கருதப்பட்டவளுக்கு அது இல்லை. கைம்பெண்ணின் தலை மழிக்கப்படுவதைப் புறநானூறே பதிவு செய்துள்ளது. பிற்காலத்தில் இது எல்லாச் சாதிகளுக்கும் பொதுவான வழக்கமாக இருக்கவில்லை. ஆயினும் பிராமணக் குடும்பங்களில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிலும் அதற்குப் பின்னும் நீடித்தது. குழந்தை மணத்தால் பூப்பெய்தும் முன்பே கணவனை இழந்த சிறுமியர் பலரின் தலைக்கு இம்முடிவே காத்திருந்தது. சென்னையில் 1912ஆம் ஆண்டளவில் சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவையருக்கென நடத்தத் தொடங்கிய இல்லத்தைக் கல்வி வரலாற்றின் பகுதியாகவே நாம் படிக்கிறோம். தாமும் குழந்தை விதவையான அவர் தலை மழிக்கப்படாமல் வளர்ந்தவர். கூந்தலை வைத்துக்கொள்வதும் அதைப் பேணுவதும் ஒரு பெண்ணின் உரிமையாகப் போராடிப் பெறப்பட்ட காலம் அது.

வறுமையும் எண்ணெயை மறுத்தது. ‘எண்ணெய் காணாத தலை’, ‘பரட்டைத் தலை’ என்னும் வழக்குகள் இழையின் தன்மையைச் சுட்டுவதாகத் தோன்றினும் உண்மையில் பேண ஆளற்ற, காசற்ற நிலையைச் சுட்டும் வசைகள். ஏழைக் குழந்தையைப் பார்த்து ஊர் சொன்ன சொற்கள் அவை. பேகனின் மனைவிக்குப் புலவர் இருவர் கிடைத்தனர். பரட்டைத் தலைக்குப் பரிசில் கேட்டவர் எவருமிலர்.

கை நீங்கிய சொல்

ஷாம்பு என்ற சொல்லின் பயணம் இம்மாற்றத்தின் சுருக்கமே. அழுத்து, பிசை என்னும் பொருளுடைய இந்திச் சொல்லிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்தில் புகுந்தது. அப்போது அதற்கு உடலைப் பிடித்துவிடுதல் என்றே பொருள். பாட்னாவில் 1759இல் பிறந்த ஷேக் தீன் முகமது, பிரைட்டன் கடற்கரை நகரில் நீராவிக் குளியலகம் அமைத்து மூட்டுவலிக்காரர்களுக்கு ‘ஷாம்பு’ செய்தார். நான்காம் ஜார்ஜ் மன்னருக்கும் அப்பணியைச் செய்தார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சொல்லின் பொருள் தலையைத் தேய்த்துக் கழுவுதல் எனக் குறுகியது. பின்னர் கழுவும் செயலும் நீங்கி, கழுவப் பயன்படும் பொருளுக்கே பெயராயிற்று. பிடித்துவிடும் கையில் தொடங்கிய சொல் புட்டியில் வந்து முடிந்தது.

இடையில் சோப்பு வந்தது. லீவர் சகோதரர்களின் சன்லைட் சோப்பு 1888இல் கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கியது. துணிக்கும் உடலுக்கும் ஏற்றதாகத் தோன்றிய சோப்பு மெல்லத் தலைக்கும் ஏறியது. கூந்தலுக்கு அது நன்மை செய்யவில்லை. சோப்பு காரத்தன்மை உடையது. கிணற்று உப்புநீரில் உள்ள கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் சேர்ந்து கரையாத வெண்படிவாக இழையில் ஒட்டும். கூந்தல் மங்கும், சொரசொரக்கும், சீப்பில் அறும். சீயக்காயை விட்டுச் சோப்புக்கு மாறிய தலைமுறை முழுக்குக்குப் பின்னும் நாள்தோறும் எண்ணெய் தடவ நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும். எண்ணெய் வழியும் தலை என்று பின்னர் பிறர் நகைத்த தோற்றம் பழைய மரபின் முழு வடிவமன்று. நீக்கும் பாதி கெட்டுப்போன மரபின் எச்சம்.

செயற்கைச் சலவைப் பொருளால் ஆன ஷாம்பு 1930களில் அமெரிக்காவில் சந்தைக்கு வந்தது. 1934இல் வெளிவந்த டிரீன் அவற்றுள் முன்னோடி. கடின நீரிலும் படிவு விடாமை அதன் பெருஞ்சிறப்பு. எண்ணெய் முழுவதையும், இழைக்கு இயற்கையாக உள்ள பசையையும்கூட, துடைத்தெடுத்தமை அதன் குறை. அக்குறையை ஈடுசெய்ய இன்னொரு பொருள் தேவைப்பட்டது, அதுவே கண்டிஷனர். ‘வறண்ட கூந்தலுக்கு’, ‘சேதமடைந்த கூந்தலுக்கு’ என்று வகை பிரித்து விற்கும் வழக்கம் இதனோடு வளர்ந்தது. கழுவும் பொருளே பாதி உண்டாக்கிய நிலையைக் கூந்தலின் பிறவிக் குணமாக விற்பனை மொழி மாற்றியது என்று கூறுவது மிகையாகாது. வெளுத்தல், சாயமிடல், சூட்டுக் கருவியால் நீட்டல் ஆகியவை மீதிப் பாதியைச் செய்தன.

இவ்வரலாற்றில் தமிழகத்துக்கு ஒரு தனிப் பக்கம் உண்டு. ஷாம்புவைச் சிறு பொட்டலத்தில் அடைத்து விற்கும் எண்ணம் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணனுடையது. செல்வர் வாங்கும் பொருளைக் கூலித் தொழிலாளியும் வாங்க வேண்டும் என்பது அவர் கருத்து. அவருடைய மைந்தர்கள் வெல்வெட் ஷாம்புவை அவ்வாறே சந்தைப்படுத்தினர். அவர்களுள் ஒருவரான சி. கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டில் தனியே சிக் ஷாம்புவைத் தொடங்கினார். பரட்டைத் தலை என்று வசை கேட்ட வீடுகளுக்குள் நுரையும் நறுமணமும் சில்லறைக் காசுக்கு நுழைந்தது எளிய நிகழ்ச்சியன்று. சீயக்காயின் அழிவு என்று இதை வெறுமனே புலம்புவோர், சீயக்காயை இடித்துச் சலித்துக் கஞ்சி வடித்துக் காத்திருந்தவர் யார், அவருக்கு அதற்கான நேரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

குளிர்நாட்டு முழுக்கு

கடல் கடந்த தமிழரிடம் எண்ணெய் முழுக்கு முதலில் சுருங்கியது நாளில்தான். வாரம் இருமுறை என்பது தீபாவளிக்கு ஒருமுறை என்றாயிற்று. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் விடிகாலை வேலைக்குச் செல்லும் வாழ்க்கையில் எண்ணெய் ஊற நேரமில்லை. தீபாவளி விடியலில் பெரியவர் கையால் தலையில் வைக்கப்படும் எண்ணெய் ஆண்டின் நினைவாக நின்றது. 1983க்குப் பின் ஈழத்திலிருந்து இலண்டனுக்கும் டொராண்டோவுக்கும் பாரிசுக்கும் சென்றோர் வேறு வகை இடர்களைக் கண்டனர். இலண்டன் குழாய்நீர் சுண்ணாம்புப் பாறைகளூடே ஊறி வருவது, மிகக் கடினமானது. கனடாவின் குளிர்காலத்தில் சூடேற்றிய வீட்டுக் காற்று இழையின் ஈரத்தை உறிஞ்சுகிறது. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். யாழ்ப்பாணத்தில் ஊற்றிய எண்ணெயை இங்கே கரண்டியால் தோண்ட வேண்டும். இச்சூழலில் ஷாம்புவைப் பகட்டு என்று பழிப்பது பொருந்தாது. சோப்பைவிட அது இலண்டன் நீருக்கு ஏற்றது.

இடர் நீரில் மட்டும் இல்லை. எண்ணெய் வைத்த பின்னலோடு பள்ளி சென்ற பிள்ளைகள் மணத்துக்காகக் கேலி செய்யப்பட்டமை புலம்பெயர் குடும்பங்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. பிள்ளைகள் எண்ணெயை மறுத்தனர், தாய்மார் வருந்தினர். வருத்தம் கூந்தலைப் பற்றியது மட்டும் அன்று. தலையில் எண்ணெய் வைக்கும் கால் மணி நேரமே பல வீடுகளில் தாயும் மகளும் முகம் பாராமல், ஆகவே தடையின்றி, பேசிக்கொள்ளும் நேரம்.

பின்னர் 2003இல் அமெரிக்க அழகியல் வேதியியல் இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. கனிம எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், தேங்காயெண்ணெய் மூன்றையும் ஒப்பிட்ட ரேலே, மொஹிலே இருவரும், கழுவுவதற்கு முன்னும் பின்னும் பூசினால் இழையின் புரத இழப்பைக் குறைப்பது தேங்காயெண்ணெய் ஒன்றே எனக் கண்டனர். அதில் மிகுந்துள்ள லாரிக் அமிலத்தின் சிறிய, நேரான மூலக்கூறு இழைக்குள் புகுவதே காரணம் என்றனர். ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இழைக்குள் எண்ணெய் புகுவதைப் பிற ஆய்வுகளும் காட்டியுள்ளன. ஆயினும் எண்ணெய் கூந்தலுக்கு ‘ஊட்டம்’ தருகிறது என்னும் வழக்குரை சரியன்று. தோலுக்கு வெளியே வளர்ந்த இழை உயிரற்றது. அதற்கு உண்ண வாயில்லை. எண்ணெய் அதைக் காக்கும், அறுந்ததை ஒட்டாது. பொடுகு மிகுந்த தலையில் நாட்கணக்கில் ஊறவைத்தால் தீமையும் செய்யும். நீக்கும் பாதியை மறந்த மரபுப்பற்று இங்கேதான் வழுக்குகிறது.

இன்று முழுக்குக்கு முன் எண்ணெய் ஊறவைக்கும் முறை மேலைநாட்டு அழகுக் கடைகளில் புதிய கண்டுபிடிப்புப்போல் சிறு குப்பிகளில் விற்கப்படுகிறது. கேலி கேட்டு வளர்ந்த மகள்கள் அதை விலை கொடுத்து வாங்குகின்றனர். குப்பியின் மேலுள்ள குறிப்பு தானே தடவிக்கொள்ளும் முறையை விளக்குகிறது.

ஈழத் தமிழர் கோயில்கள் சித்திரைப் புத்தாண்டுக்கு மருத்துநீர் காய்ச்சி வழங்கும் வழக்கத்தைக் குளிர்நாடுகளிலும் விடவில்லை. துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு முதலியன சேர்ந்த அந்நீரைத் தலையிலும் காலடியிலும் பஞ்சாங்கம் சொல்லும் இலைகளை வைத்துப் பெரியவர் ஒருவர் தலையில் தேய்த்துவிட வேண்டும். தானே தேய்த்துக்கொள்வது முறையன்று. கோயிலில் பெற்ற நீர் வீட்டுக் குளிரறையில் ஏற்றது. குளியலறையின் ஓரத்தில் பாட்டி நிற்கிறார், பேரப்பிள்ளை குனிகிறது. அதன் பின் அப்பிள்ளை ஷாம்பு போட்டே குளிக்கிறது. அதற்குள் பாட்டி, உறைந்த தேங்காயெண்ணெய்ப் போத்தலை வெந்நீர்க் கிண்ணத்தில் இறக்கி, இளகும்வரை காத்திருக்கிறார்.